வெளிச்சம் பிடிக்கிறவர்

பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு வந்து சேர்ந்ததும் பிளாரன்ஸுக்கு வழக்கமாக வருகிற திமிர் இன்றைக்கும் வந்துவிட்டது. மேலே படகில் அவள் நாற்பத்தொன்பது வயதுக்காரி. ஏணியில் ஏற முட்டி மக்கர் பண்ணும், மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கையை முழ நீளத்துக்கு நீட்ட வேண்டும். இங்கே அதெல்லாம் யாரோ ஒருத்தியின் சங்கடம். மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே, அவ்வளவுதான், காலைக்கூட அசைக்க வேண்டாம். அந்தமானில் இந்தப் பாறைக்கு எத்தனை தடவை வந்திருக்கிறாள் என்று அவளுக்கே நினைவில்லை. எந்தப் பொந்தில் பாம்பு மாதிரி அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடக்கும், எந்தக் கல்லைக் கிளிமீன்கள் கறுக் கறுக்கென்று கடிக்கும் என்பதெல்லாம் தூத்துக்குடியில் தன் அடுக்களையில் சீரக டப்பா எங்கே இருக்கிறது என்பதைப் போலத் தெரியும். மான்கொம்புப் பவளம் ஒரு கட்டில் அகலத்துக்குக் கிளை விரித்திருக்கிற இடத்தில், அதோ, நேற்றுப் பார்த்த அதே பெண் கணவாய். மேலே ஆண் கணவாய் காவல் நிற்கிறது. நாலு நாளாக இதற்காகத்தான் தவம் கிடந்தது. இன்றைக்கு முட்டை வைத்தே தீரும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கணவாய்க்கு என்ன முகம் என்று கேட்பவர்கள் பத்தொன்பது வருஷம் கணவாயைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவளுக்கு இடது பக்கம், தொட்டுவிடும் தூரத்தில் ஒரு கை, கையில் விளக்கு, கைக்குப் பின்னால் அவள் புருஷன் ரெமிஜியுஸ். இந்தக் காலத்தில் தண்ணீருக்குள் படம் பிடிக்கிறவர்கள் கேமராப் பெட்டியிலேயே ரெண்டு இரும்புக் கை மாட்டி, அதன் நுனியில் விளக்கை முடுக்கிவிடுகிறார்கள். இவர்கள் இருவருக்கு மட்டும்தான் இன்னும் ஆள் பிடிக்கிற விளக்கு. மாலத்தீவோ, லட்சத்தீவோ, திருகோணமலையோ, அவள் பிடித்த எந்தப் படத்திலும் வெளிச்சம் அவருடையது, ஆனால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. விளக்குப் பிடிக்கிறவர் உள்ளே வந்துவிட்டால் படம் குப்பை. ஒருமுறை அவர் விரல் நுனி ஓரத்தில் விழுந்ததற்கு அவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கு அவருக்குக் கடைசி முங்கு.

கடைசி என்று நினைக்கக் கூடாது என்று காலையிலேயே தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள், ஆனால் நினைப்பு சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதியா. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது ஆறு மீட்டரில் நின்றார்கள். எப்போதும் அங்கேதான் வெள்ளைப் பலகையைக் காட்டி கேமராவுக்கு நிறம் சொல்லிக் கொடுப்பது. கட்டைவிரலால் ஒரு அமுக்கு, பலகை பதிவாகிறது, இன்னொரு அமுக்கு, நின்றது. அவளுடைய கணக்கு எளிது. ஒற்றைப்படை அமுக்குக்கு ஓடும், இரட்டைப்படை அமுக்குக்கு நிற்கும். கேமராவின் முன்னால் எரிகிற சிவப்புப் பொட்டைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருக்கிறது, கணவாய்க்கு அந்தப் பொட்டைக் கண்டால் ஆகாது, மை கக்கிவிட்டு ஓடிவிடும். திரையின் மூலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி உண்டாம். உண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், ரெண்டு வருஷமாக அது அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாஸ்குக்குள் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொள்ளலாமே என்று ரெமிஜியுஸ் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். என் கட்டைவிரலுக்குக் கண்ணாடி வேண்டாம் என்று அவள் அவர் வாயை அடைத்திருக்கிறாள். ஆறு மீட்டரைத் தாண்டி நாலைந்து அடி இறங்கியதும் அவர் சட்டென்று நின்று இடது காதைத் தொட்டார்.  கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மூக்கைப் பிடித்துக் காற்றை ஊதி, தலையைச் சாய்த்து, விரலை வளைத்துச் சரி என்று காட்டினார். தண்ணீருக்குள் அந்த அடையாளத்தில் பொய் கிடையாது, அது முங்குகிறவர்களின் சத்தியம். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது. காதுக்குள் ஒரு எலும்பு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரியதாம், அது இறுகிப் போய்விட்டது என்று மதுரையில் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அறுத்து வேறொன்று வைத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் அப்புறம் ஆயுசுக்கும் முங்கக் கூடாது. கேட்கணுமா, முங்கணுமா, வீட்டில் பேசி முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் என்றார். வீட்டுக்கெல்லாம் போகவில்லை. ரெமிஜியுஸ் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கேட்கணும் டாக்டர் என்று சொல்லிவிட்டார். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்காதது அவருக்குப் புதிதும் இல்லை. மீன் மார்க்கெட்டில் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பாட்டுக்கு முன்னால் போவார், பின்னால் பெண்டாட்டி வருகிறாளா, பஸ் ஏறிப் போய்விட்டாளா என்று ஒரு பார்வை கிடையாது. கலியாணம் ஆன புதிதில் கோயிலில் இருந்து வரும்போது வேண்டுமென்றே நின்றுபார்த்தாள், மனுஷன் வீடு போய்ச் சேர்ந்து கதவைத் திறந்து விசிறியும் போட்டுவிட்டார். அது கிடக்கட்டும். இப்போது கணவாய். பெண் கணவாய் கைகளை எல்லாம் முகத்துக்கு முன்னால் ஒன்றாகக் குவித்துக்கொண்டு பவளக் கிளைக்குள் நுழைகிறது. பிளாரன்ஸின் கட்டைவிரல் அமுக்கியது, ஒற்றை. கணவாய் கையை விலக்கியபோது உள்ளே வெள்ளையாக ஒரு முட்டை, நுங்குச் சுளை மாதிரி. அதைக் கிளையின் அடியில், மீன் வாய் எட்டாத இடத்தில் செருகி, ஒரு தட்டுத் தட்டி, பின்வாங்கி, பார்த்து, திரும்பவும் போய் ஒரு தட்டு. அடேயப்பா, என்ன அக்கறை. வெளிச்சம் மேலிருந்து வந்தால் நிழல் முட்டைமேல் விழுமே என்று அவள் நினைக்கும்போதே விளக்கு மெதுவாக இடப்பக்கமே தாழ்ந்து, கிளைகளுக்கு நடுவே நேராக நுழைந்தது. அவள் கேட்கவில்லை, அவர் செய்துவிட்டார். இதை எந்த இரும்புக் கை செய்யும்? அமுக்கினாள், இரட்டை, நின்றது. கொஞ்சம் இடம் மாறி மணலில் முட்டியை ஊன்றாமல் மிதந்து மறுபடி அமுக்கினாள். இரண்டாவது முட்டை. மூன்றாவது. ஆண் கணவாய் உடம்பெல்லாம் வரி வரியாக மினுக்கிக்கொண்டு மேலே நின்றது. நேற்று கேமராவைத் திருப்பியதுமே சுருங்கி ஓடிய ஜோடி இன்றைக்குக் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை, ஏதோ உறவுக்காரி வந்திருக்கிறாள் என்பதுபோல விட்டுவிட்டது. என்னைத் தெரிந்துவிட்டது அதுகளுக்கு என்று அவள் மார்தட்டிக்கொண்டாள். ஏழு முட்டை எண்ணினாள். ஏழும் ஏழு விதமாக எடுத்து, அமுக்கி நிறுத்தினாள், இரட்டை. இப்படி ஒரு காட்சி யாருக்கு வாய்க்கும், சும்மா சொல்லக் கூடாது, பத்தொன்பது வருஷத்தில் இதுதான் அவர்கள் எடுத்ததிலேயே சிறந்தது, அதுவும் இன்றைக்கு, அவர் பிடித்த கடைசி வெளிச்சத்தில். முட்டை வைத்து முடித்தால் அந்தக் கணவாய் அதிக நாள் இருக்காது, செத்துப்போகும். அது அவளுக்குத் தெரியும், இருந்தாலும் அதைப் பற்றி இப்போது நினைக்கவில்லை.

காற்று அளவு எழுபது என்று அவர் விரலால் காட்டினார், திரும்ப வேண்டும். அவர் முன்னால், அவள் பின்னால், இங்கேயும் மார்க்கெட் கதைதான். கேமராவை வயிற்றுக்கு நேராக ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீந்தினாள். கண் பாறையை மேய்ந்துகொண்டே போனது, அடுத்த முறைக்கு எது ஆகும், எந்த விசிறிப் பவளத்தில் குட்டி மீன் கூட்டம் தங்கியிருக்கிறது என்று. அடுத்த முறை. நினைப்பு அந்த வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டது. போர்ட் பிளேர் விடுதி அறையில் அவர் பெட்டியின் அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது, உள்ளே இரும்புக் கை ரெண்டு. அவரே வாங்கி வந்தது. இனிமே இதுதான் பிளாரி நான் என்று சொல்லிக் கொடுத்தார். அவள் இன்னும் அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, அவளால் தனியாக முடியாதா என்ன, நன்றாகவே முடியும், கூட முங்குவதற்கு யாரோ ஒருத்தர் இல்லாமலா போவார்கள். பயம் அது இல்லை. கரையில் இருக்கிற ரெமிஜியுஸ் வேறு ஆள். அந்த ஆள் சத்தமாகப் பேசுவார், குக்கர் ஏழு விசில் அடித்தாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், பூசையில் எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு தனியாக ஒரு ஆமென் சொல்வார், காதில் விழாத பேச்சுக்கெல்லாம் ஒரு நொடி தாமதித்து ஒரு சிரிப்பு சிரித்து வைப்பார். தண்ணீருக்குள் இருப்பவர் வேறு. இவருக்குச் செவிடே கிடையாது. அவள் மூச்சு கொஞ்சம் வேகமானாலே குமிழியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அவள் கட்டிக்கொண்டது ரெண்டு பேரை, அதில் ஒருத்தர் இன்றைக்குப் படகில் ஏறியதும் இல்லாமல் போகப் போகிறார். அந்த ஆளை விட்டுக்கொடுப்பது எதற்காம்? அவள் பேச்சைக் கேட்பதற்காம். மதுரையில் இருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வாய் சும்மா இருந்ததா? இருபத்தாறு வருஷமா நான் சொன்னதுல எதைக் கேட்டீங்க, இனிமே கேக்கப் போறீங்க என்றாள். அவர் ஒரு நொடி தாமதித்துச் சிரித்தார். காதில் விழவில்லை போல. விழாமல் இருந்திருந்தால் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி. ஆனால் நல்லதாக ஒரு வார்த்தை, எனக்காக இவ்வளவு பெரிய கடலை விடுகிறீர்களே என்று ஒரு வார்த்தை, அது மட்டும் இன்றுவரை அவள் வாயில் வரவில்லை. வந்தாலும் கேட்கிற காதா அது என்று தனக்கே ஒரு சாக்கு வேறு.

ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். உடம்பில் ஏறிய காற்று இறங்குவதற்காக எல்லாரும் நிற்கிற நிறுத்தம். அவர் மூன்று விரலைக் காட்டினார், அவளும் காட்டினாள். சரி, முதல் முட்டையை ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று எடுத்ததை ஓட்டிப் பார்க்கிற பொத்தானை அமுக்கினாள். வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. உப்பு ஏறிவிட்டதா என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தால்தான் இது எடுத்ததைக் காட்டாது. ஓடவில்லையே, கடைசியாக அமுக்கியது இரட்டை ஆயிற்றே. கேமராவை எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டிப் பிடித்தாள், மாத்திரை அட்டையைப் பிடிக்கிற மாதிரி. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. அமுக்கி நிறுத்தினாள். பலகை ஒன்று, இரண்டு, கணவாயில் மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எங்கே தப்பியது, எங்கே, இல்லை, தப்ப வாய்ப்பே இல்லை, இந்த விரல் இதுவரை தப்பியதே இல்லை. திரும்பத் திரும்ப எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் கணக்கு சரியாக வந்தது. அப்போது அவர் காதைத் தொட்டது ஞாபகம் வந்தது. நெஞ்சோடு அணைத்தாளே, கேமராவை, ரெண்டு கையாலும். விரல் எங்கே இருந்தது? பொத்தானில்தான் இருந்தது, வேறு எங்கே இருக்கும். ஐயோ. அங்கே ஒரு அமுக்கு, அவளுக்குத் தெரியாமல். அதற்கப்புறம் ஓடு என்று சொன்னபோதெல்லாம் நின்றிருக்கிறது, நில் என்று சொன்னபோதெல்லாம் ஓடியிருக்கிறது. கணவாய் ஏன் பயப்படவில்லை என்பது இப்போது புரிந்தது. கேமராவைத் திருப்பினால் டேப் பாதி பிரிந்து தொங்குகிறது, பொட்டு நன்றாகத் தெரிகிறது, எரிந்திருந்தால் அதுகள் அப்போதே ஓடியிருக்கும். உறவுக்காரியாம், பெரிய உறவுக்காரி. கடலுக்குள் அழுதால் மாஸ்கில்தான் தண்ணீர் சேரும், அதனால் அழவில்லை. தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டினாள், அது குமிழியாக மேலே போனது. ரெமிஜியுஸ் திரும்பிப் பார்த்து, விரலை வளைத்து, சரியா என்று கேட்டார். அவள் உடனே வளைத்துக் காட்டினாள், சரி. பத்தொன்பது வருஷத்தில் தண்ணீருக்குள் சொன்ன முதல் பொய்.

இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே திரையில் வரிசையாக நின்ற சின்னச் சின்னப் படங்களைப் பார்த்தாள். முதலில் வெள்ளைப் பலகை. பிறகு நீலம். மணல். எங்கேயாவது ஒரு ஓரத்தில் ஒரு முட்டையாவது விழுந்திருக்குமா என்று துழாவினாள், விழவில்லை. கடைசிப் படத்தைத் திறந்தாள், திரும்பி நீந்தி வந்தது. கை நீட்டிப் பிடித்த தூரத்தில் எழுத்துத்தான் தெரியாது, படம் நன்றாகத் தெரியும். காலில் மாட்டிய ரெண்டு ஃபின்ஸ், ஒரு முதுகு, முதுகில் சிலிண்டர். அவர் போகிறார். விளக்கை முன்னால் நீட்டிக்கொண்டு இருட்டாகப் போகிறார். மூன்று உதைப்பு, தலை திரும்புகிறது. அவர் பின்னால் பார்க்கிறார். கேமராவுக்கு மேலே, அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறார். திரும்பிக்கொள்கிறார். நாலு உதைப்பு, மறுபடி. அவள் அப்போது பாறையை மேய்ந்துகொண்டிருந்தாள், விசிறிப் பவளம், குட்டி மீன், அடுத்த முறை. மூன்று உதைப்பு, மறுபடி. என்ன இது? இந்த மனுஷனா? எண்ணத் தொடங்கினாள், எண்ணுவது அவளுக்குக் கைவந்த வேலை அல்லவா. இறங்கியபோது எடுத்ததைத் திறந்தாள், அதிலும் அப்படியே. இன்றைக்குக் கடைசி என்பதால் பார்க்கிற பார்வையும் இல்லை, பழகிப்போன கழுத்து அது, தானாகத் திரும்புகிறது. அப்படியானால் திருகோணமலையில்? மாலத்தீவில்? அவள் ஒரு தடவையாவது பார்த்திருப்பாளா, அவர் திரும்பும்போதெல்லாம் அவள் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டில் காய்க்காரியிடம் குனிந்து பேரம் பேசுகிற நேரத்தில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும். படத்தில் அவர் மறுபடி திரும்பினார், இந்தத் தடவை தலை நின்றது. கண் கீழே இறங்கி லென்ஸுக்கே வந்தது. சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டார். என்னையா என்று விரலால் நெஞ்சைத் தொட்டுக் கேட்கிறார், பதில் இல்லை, அவள் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவரே ஒரு முடிவுக்கு வந்து, விளக்கைத் தாழ்த்தி, மாஸ்குக்குள் தண்ணீர் புகாமல் இருக்கக் காலையில் வாஸ்லின் தடவிய அந்த மீசையை, வாயில் கவ்விய ரெகுலேட்டருக்கு மேலே ரெண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டார். பிளாரன்ஸ் சிரித்த சிரிப்பில் மாஸ்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஊதி வெளியேற்றும்போது அது கடல் தண்ணீர் மட்டும்தானா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று நிமிஷம் முடிந்தது என்று அவர் கட்டைவிரலை மேலே காட்டினார்.

படகுக்காரர் நாகலிங்கம் சிலிண்டர்களை வாங்கி வைத்துவிட்டுக் கயிறு சுற்ற முன்பக்கம் போனார். வெயில் சுள்ளென்று அடித்தது. ரெமிஜியுஸ் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, காது மந்தமானவர்கள் பேசுகிற அந்தப் பெரிய சத்தத்தில், ஆனால் வெட்கத்தோடு கேட்டார்.

"எதுக்கு பிள்ள என்னயப் போயி அவ்வளவு நேரம் எடுத்த? பொட்டு எரிஞ்சுதே, பாத்தேன். டேப்ப நாந்தான் காலைல சரியா ஒட்டல."

சும்மா எடுத்தேன் என்று ஒரு வார்த்தை போதும். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் ஆபரேஷன் மேஜை வரைக்கும் கொண்டு போவார். கணவாய் கலங்கலாக விழுந்துவிட்டது என்று ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். பிளாரன்ஸ் என்றைக்கும் தப்பை ஒத்துக்கொண்டவளும் இல்லை. ஆனால் கீழே வளைத்துக் காட்டிய அந்த விரல் இன்னும் உறுத்தியது. கணவாய்க்கென்ன, அடுத்த மாசியில் வேறொன்று வரும், அட்டைப்பெட்டியைப் பிரித்து அந்த இரும்புக் கையை மாட்டிக்கொண்டு அவளும் வருவாள், எடுப்பாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பொய் சொல்லி இவரை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன. எதிரே நகர்ந்து உட்கார்ந்து, வீட்டில் செய்வதுபோல அவர் தாடையைப் பிடித்துத் தன் உதட்டுக்கு நேராகத் திருப்பினாள்.

"வேணும்னு எடுக்கல. தப்பா அமுக்கிட்டேன். கணவாய் ஒண்ணுகூட விழல. பூராவும் நீங்கதான்."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை ஒன்றுகூடவா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் கடலைப் பார்த்தார், கையில் இருந்த விளக்கைப் பார்த்தார், அதை இன்னும் அணைக்கவில்லை என்பதைக் கண்டு அணைத்தார். பிறகு, ஒவ்வொரு முங்குக்கும் அப்புறம் மாஸ்கைக் கழற்றிய உடனே கேட்பாரே, இன்றைக்குச் சந்தோஷத்தில் கேட்க மறந்துபோனது, அதைக் கேட்டார்.

"வெளிச்சம் சரியா இருந்துச்சா?"

"இல்ல. வெளக்க முன்னால நீட்டிக்கிட்டுப் போறீங்க, ஒங்க மேல வெளிச்சமே விழல" என்றாள். அவர் தாடையில் இருந்து கையை எடுக்கவில்லை. "ஆனா ரெண்டு நிமிசத்துல பதினோரு தடவ திரும்பிப் பாத்தீங்க. எண்ணிட்டேன்."

ஒரு நொடி போனது. அவர் சிரிக்கவில்லை. காதில் விழுந்துவிட்டது என்று பிளாரன்ஸுக்குத் தெரிந்தது.